முதன்முறையாக 10 நாள் மௌன தியான முகாமுக்குப் போகிறவர் எப்படித் தயாராக வேண்டும்?

10 நாள் மௌன முகாம் என்று கேட்டிருப்பதால், கோயங்கா மரபில் நடக்கும், உடம்பின் உணர்வுகளைக் கவனிக்கும் விபாசனா தியான முகாமை வைத்தே சொல்கிறேன். பர்மாவின் (மியான்மர்) மண்டலேயில் பிறந்த எஸ்.என். கோயங்கா, சயாஜி ஊ பா கின் என்ற தியான ஆசிரியரிடம் கற்று 1969இல் இந்தியாவில் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய முறை இது. சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது மையத்துக்குப் போனாலும், மகாராஷ்டிரத்து இகத்புரியில் உள்ள தம்ம கிரி மையத்துக்குப் போனாலும் கால அட்டவணை ஏறக்குறைய ஒன்றுதான்.

பேசாமல் எப்படி இருப்பது என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். சுற்றியிருக்கும் யாரும் பேசாதபோது ஓரிரு நாளில் பேசத் தோன்றுவதே குறைந்துவிடும். ஆளைச் சோதிப்பது முழங்காலும் இடுப்பும்தான். அதிகாலை 4 மணிக்கு மணி அடிக்கும். இரவு 9க்குள் பத்து மணி நேரத்துக்கும் மேல் உட்கார வேண்டியிருக்கும். நாற்காலியிலேயே வேலை பார்த்துப் பழகிய உடம்பு இதை முதல் நாளே ஏற்றுக்கொள்ளாது.

அதனால் ஒரு மாதம் முன்பே வீட்டில் உட்காரப் பழகுங்கள். தினமும் 20 நிமிடத்தில் ஆரம்பித்து, சில நாளுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டி, 45 நிமிடத்துக்குக் கொண்டுவந்தால் போதும். பத்மாசனம் தேவையில்லை, சாதாரணச் சம்மணம் போதும். கவனிக்க வேண்டியது உயரத்தை. இடுப்பு முழங்காலைவிட மேலே இருக்க வேண்டும். கெட்டியான தலையணையோ மடித்த போர்வையோ வைத்து நாலைந்து அங்குலம் உயர்த்துங்கள். அப்படிச் செய்யாவிட்டால் முழங்கால்கள் அந்தரத்தில் நிற்கும், கீழ்முதுகு வளையும், இருபது நிமிடத்தில் தோள்பட்டைகளுக்கு நடுவே வலி பிடிக்கும். அப்போதும் முழங்கால் தரையைத் தொடவில்லை என்றால் அதன் கீழே மடித்த துண்டைக் கொடுங்கள். மண்டியிட்டு உட்காரும் இன்னொரு நிலையையும் பழகிக்கொண்டால் மாற்றி மாற்றி உட்காரலாம். கால் மரத்துப்போவதும் எழுந்ததும் சரியாகிற வலியும் பயப்பட வேண்டியவை அல்ல. எழுந்து நடந்த பிறகும் முழங்காலுக்குள் குத்துகிற வலி வேறு. அதைப் பல்லைக் கடித்துத் தாங்காதீர்கள். முகாமில் உதவிசெய்யும் தொண்டரான தம்ம சேவகரிடம் சொல்லி நாற்காலி கேளுங்கள்.

மௌனம் என்பது சக பயிற்சியாளர்களோடுதான். சைகை, கண்ஜாடை, துண்டுச்சீட்டு எதுவும் கூடாது. ஆனால் தண்ணீர் வரவில்லை, காய்ச்சல் அடிக்கிறது என்றால் சேவகரிடம் தாராளமாகப் பேசலாம். பயிற்சியில் சந்தேகம் இருந்தால் பகல் 12 முதல் 1 வரை ஆசிரியரைத் தனியே பார்க்கலாம், இரவு 9 மணிக்கு மண்டபத்திலும் கேட்கலாம். இது தெரியாமல் பத்து நாளும் வாயை மூடிக்கொண்டு திண்டாடுபவர்கள் உண்டு.

காபி விஷயத்தை யாரும் யோசிப்பதில்லை. தினமும் நாலு டம்ளர் குடிப்பவர் திடீரென்று குறைத்தால் ஒரு நாளுக்குள் தலைவலி தொடங்கும், அடுத்த ஒன்றிரண்டு நாள் அது உச்சத்தில் இருக்கும். மூச்சைக் கவனிக்க வேண்டிய முதல் நாட்கள் அதிலேயே போய்விடும். பத்து நாள் முன்பிருந்தே ஒவ்வொன்றாகக் குறைத்துவிடுங்கள். இரவுச் சாப்பாடும் கிடையாது. காலை 6.30க்குச் சிற்றுண்டி, 11 மணிக்குச் சைவச் சாப்பாடு, புதியவர்களுக்கு மாலை 5 மணிக்கு டீயோடு பழமோ பொரியோ, அவ்வளவுதான். ராத்திரி பசிக்குமே என்று மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டால் பகல் 1 மணிக்குத் தொடங்கும் அமர்வில் தூக்கம் தள்ளும். முக்கால் வயிறு போதும். சர்க்கரை நோயாளிகள் விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டு, மாத்திரை நேரத்தை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

விண்ணப்பத்தில் மனநலம் பற்றிய கேள்விகளும் உண்டு. அங்கே எதையும் மறைக்காதீர்கள். கடும் மனச்சோர்வு, இருதுருவக் கோளாறு (பைபோலார்), மனப்பிறழ்வு இருந்தவர்களுக்கு இவ்வளவு நீண்ட தியானம் தீங்காக முடியலாம். தியானம் பார்த்துக்கொள்ளும் என்று மாத்திரையை நிறுத்திவிட்டுப் போவது ஆபத்து. முகாமில் தொடர்ந்து இரண்டு இரவு தூக்கமே வரவில்லை, பதற்றம் அடங்கவில்லை என்றால் மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

பயிற்சிக்கு வருவோம். முதல் மூன்று நாள் ஆனாபானா. மூக்குத் துவாரத்திலும் அதற்குக் கீழே மேலுதடு வரையிலும் மூச்சு படுவதைக் கவனிப்பது மட்டும்தான் வேலை. பிராணாயாமம் பழகியவர்கள் இங்கே தடுமாறுவார்கள், தங்களை அறியாமல் மூச்சை இழுத்து ஒழுங்குபடுத்துவார்கள். மூச்சு எப்படி வருகிறதோ அப்படியே விட வேண்டும். சிவசிவா, ராம ராம என்று உள்ளுக்குள் சேர்த்துக்கொள்வதையும் இந்தப் பத்து நாளுக்கு நிறுத்திவைக்கச் சொல்வார்கள். மனம் ஓடிவிட்டதே என்று நொந்துகொள்ளத் தேவையில்லை, ஓடியது தெரிந்ததும் திரும்பி வந்தால் சரி. நான்காம் நாள் விபாசனா தொடங்கும். தலையிலிருந்து கால்வரை உடம்பின் உணர்வுகளை வரிசையாகக் கவனிப்பீர்கள். அதன்பின் தினம் மூன்று முறை, ஒரு மணி நேரம் கண் திறக்காமல் கை கால் அசைக்காமல் இருக்க முயல வேண்டும். இதற்கு அதிட்டானம் என்று பெயர். தவறிப்போனால் குற்றமில்லை. ஓரிடத்தில் எதுவுமே தெரியாவிட்டால் ஒரு நிமிடம் அங்கே நின்றுவிட்டு நகருங்கள். இந்தக் கட்டத்தில் அதிகம் பேர் செய்யும் தவறு, உடம்பெங்கும் சிலிர்ப்பு ஓடுவதை முன்னேற்றம் என்று நினைத்து மறுநாளும் அதையே தேடுவது. இனிமையானது வந்தாலும் வலி வந்தாலும் விரும்பாமல் வெறுக்காமல் பார்ப்பதுதான் பயிற்சியே.

இரண்டாம் நாளும் ஆறாம் நாளும் பெட்டியைக் கட்டத் தோன்றும் என்று பலரும் சொல்வார்கள். அந்த எண்ணம் வந்தால் தினமும் மாலை 7 மணிக்குப் போடும் கோயங்காவின் பதிவுசெய்த உரையை அன்றும் கேட்கும்வரை முடிவெடுக்காதீர்கள். அன்றைய சிரமத்துக்கு விளக்கம் பெரும்பாலும் அந்த உரையில் இருக்கும். தமிழில் கேட்க வேண்டும் என்றால் விண்ணப்பத்திலேயே குறிப்பிடுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை. தொளதொளப்பான பருத்தி உடை ஐந்து செட், விடிகாலைக் குளிருக்கு ஒரு சால்வை, எளிதில் கழற்றும் செருப்பு, டார்ச், குடை, கொசுவர்த்தி. கைப்பேசி, புத்தகம், பேனா எல்லாம் முதல் நாளே ஒப்படைக்க வேண்டும். தாயத்தும் ஜபமாலையும் வீட்டிலேயே இருக்கட்டும். கொலுசு, கண்ணாடி வளையல், மல்லிகைப்பூ, வாசனை எண்ணெய் ஆகியவற்றையும் தவிர்த்துவிடுங்கள். நூறு பேர் அசையாமல் இருக்கும் மண்டபத்தில் ஒரு கொலுசுச் சத்தம் எல்லோரையும் கலைத்துவிடும்.

தங்கவும் சாப்பிடவும் கட்டணம் கிடையாது. ஒரு 10 நாள் முகாமையாவது முடித்தவர்களிடம் மட்டுமே நன்கொடை வாங்குவார்கள். இடம் கிடைத்தபின் போக முடியாவிட்டால் உடனே ரத்து செய்யுங்கள், காத்திருப்போர் பட்டியலில் யாரோ இருப்பார்.

மௌனம் பத்தாம் நாள் காலையில் கலையும். முகாம் முடிவதோ பதினொன்றாம் நாள் காலை 7.30 வாக்கில். பத்தாம் நாள் இரவு ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிட்டுத் தவிப்பவர்கள் ஒவ்வொரு முகாமிலும் இருப்பார்கள். பதினொன்றாம் நாள் மதியத்துக்குமேல் கிளம்பும் ரயிலாகப் பார்த்து எடுங்கள். அடுத்த நாளும் விடுமுறை கிடைத்தால் ரொம்ப நல்லது, ஏனென்றால் கைப்பேசியைத் திறந்ததும் குவிந்திருக்கும் செய்திகளும் தெருவின் ஹாரன் சத்தமும் அன்றைக்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு உறைக்கும்.