அமெரிக்காவுல பிஎச்டிக்கு அஞ்சு ரிஜெக்ட், பணத்துக்கும் வழியில்ல, என்ன பண்றது?

கோபியில இருந்து கேட்டிருக்கீங்க, அஞ்சு ரிஜெக்ட், ஒண்ணு வெயிட்லிஸ்ட், அப்பா தோப்பை அடமானம் வைக்கலாம்ங்கறார்னு. மொதல்ல தோப்புப் பத்திரம் பீரோவுலயே இருக்கட்டுங்க. சயின்ஸ், இன்ஜினியரிங் பிஎச்டின்னா அங்க பெரும்பாலும் ஃபீஸைத் தள்ளுபடி பண்ணி, டீச்சிங் இல்லைன்னா ரிசர்ச் வேலை குடுத்து மாசாமாசம் பணமும் தருவாங்க, அது இல்லாத ஆஃபரை நான் ஆஃபர்னே எண்ண மாட்டேன். எம்எஸ்ங்கற மாஸ்டர்ஸ் படிப்பு வேற கதை, அது பெரும்பாலும் கைக்காசுதான்.

ரிஜெக்ட் ஆனா மார்க் பத்தலைன்னே அர்த்தம் இல்லீங்க, நீங்க கேட்ட ப்ரொபசர்கிட்ட அந்த வருசம் கிராண்ட், அதான் ரிசர்ச்சுக்கு வர்ற பணம், இல்லைன்னாலும் எடுக்க மாட்டாங்க. வெயிட்லிஸ்டை விட்றாதீங்க, ஃபண்டிங் ஆஃபருக்கு ஏப்ரல் 15 வரைக்கும் பதில் சொல்லலாம்னு நெறைய யுனிவர்சிட்டிங்க ஒத்துக்கிட்டிருக்கு, ரெண்டு மூணு எடத்துல கெடச்சவங்க அந்தத் தேதிய ஒட்டித்தான் மத்ததை விடுவாங்க, அப்பத்தான் நம்ம பேரு மேல ஏறும்.

என்னோட நாலாவது ரிஜெக்ட் மெயிலை சோமனூர்ல தறிச் சத்தத்துக்குள்ள நின்னுதான் படிச்சேன், என்ன கண்ணு மூஞ்சி இப்படி இருக்குன்னு அம்மா கேட்டாங்க, நூல் அந்துருச்சுங்மான்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். ரெண்டு நாள் சோறு எறங்கல. அதை விட வெசனம் ஒறம்பரைங்க போன் போட்டு விசாரிக்கறது, அதுக்கு "இன்னும் ரிசல்ட் வரலீங்க"ன்னு ஒரே பதிலா வெச்சுக்குங்க.

இந்த வருசம் அமையலைன்னா நம்மூர் நெட் (NET) தகுதித் தேர்வு எழுதுங்க, அதுல ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை கெடச்சா இங்கயே மாசம் 37,000 ரூவா, வாடகைப்படி தனி.