புறா மட்டும்தான் வருகிறது, குருவி எங்கே?

கேள்வி: மொட்டை மாடியில் தினமும் தட்டில் அரிசி, கம்பு வைக்கிறேன். எல்லாவற்றையும் புறாக்களே தின்றுவிடுகின்றன. சிட்டுக்குருவி வர என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தத் தட்டை எடுங்கள், அகலமான இடம் கிடைத்தால் புறா கூட்டத்தோடு வந்து உட்கார்ந்துவிடும். பிளாஸ்டிக் பாட்டிலில் சின்னத் துளைகள் போட்டு, கீழே விரல் நீளத்துக்கு ஒரு குச்சி செருகி, தினையோ உடைத்த கம்போ நிரப்பி, செடிகளுக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். குருவி தொற்றிக்கொண்டு கொத்தும், புறாவின் உடம்புக்கு அது தாங்காது. மிக்சர், முறுக்கு எல்லாம் வேண்டவே வேண்டாம், உப்பு ஆகாது. அப்புறம், குஞ்சுக்குக் குருவி பெரும்பாலும் புழு பூச்சியைத்தான் ஊட்டும், அதனால் செடிகளுக்குப் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். எச்சம் பட்ட தானியத்தால் நோய் பரவும். பாட்டிலை வாராவாரம் கழுவி நன்றாகக் காயவையுங்கள்.