128ஆ 256ஆ என்பதற்கு முன் பார்க்கவேண்டிய வரி

வணக்கம் ஐயா,

கிளிநொச்சியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கணினிகளைப் பராமரிக்கிறேன். இடப்பெயர்வில் காணி உறுதிகளைத் தொலைத்துப் பிறகு பிரதி எடுத்த உறுப்பினர்கள், அவற்றின் ஸ்கேன்களை எங்களிடமும் தந்திருக்கிறார்கள். எல்லாம் லினக்ஸில் லக்ஸ் என்ற வட்டு மறையாக்க முறையில் பூட்டிய ஒரு வெளி வன்தட்டில் உள்ளன. மறையாக்கச் சாவிக்கு 128 பிட் நீளம் போதும் என்கிறார் ஒருவர். 256தான் 'இராணுவத் தரம்' என்கிறார் இன்னொருவர். இந்த எண்ணை அமெரிக்க அரசாங்கம் ஏன் தீர்மானிக்கிறது? நம்பலாமா?

வாசகர், கிளிநொச்சி

அன்புள்ள நண்பருக்கு,

லக்ஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் ஏஇஎஸ் மறையாக்க முறையை, அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2001இல் தரநிலையாக்கியது. 'இரகசிய' ஆவணங்களுக்கு 128 பிட் போதும், 'அதி இரகசிய' ஆவணங்களுக்கு 192 அல்லது 256 வேண்டும் என்று 2003இல் அந்த அரசாங்கம் அறிவித்தது. அந்த அரசாங்கத்துக்கு விற்கும் மென்பொருள் அந்த விதிக்குள் நிற்கவேண்டும். விற்பவர்கள் நாட்டுக்கொரு பதிப்பு செய்வதில்லை. அதனால் அங்குள்ள கொள்வனவு விதி இங்குள்ள வன்தட்டுக்கும் வந்துவிடுகிறது. 128 பிட்டை யாரும் உடைத்ததால் 256 வரவில்லை. தரவைக் கலைத்துப் பூட்ட 128க்குப் பத்துச் சுற்று, 256க்குப் பதினான்கு. பழைய கணினியில் கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான்.

உங்கள் சந்தேகத்துக்கு நியாயம் உண்டு. 1977இல், ஏஇஎஸ்ஸுக்கு முந்தைய டிஇஎஸ் தரநிலையின் சாவியை 56 பிட்டாகக் குறுக்கினார்கள். 1998இல் ஒரு தனி இயந்திரம் அதை மூன்று நாளுக்குள் உடைத்தது. 2006இல் தரநிலைக்குள் வந்த ஒரு எழுமாற்று எண் உருவாக்கும் முறையில் பின்கதவு (இரகசிய வழி) இருப்பதாக 2013இல் வலுவான சந்தேகம் எழுந்து, பிறகு அதை நீக்கினார்கள். ஆனால் ஏஇஎஸ் அப்படிப் பிறந்ததல்ல. பெல்ஜியத்தைச் சேர்ந்த இருவர் வடிவமைத்தது. திறந்த போட்டியில் உலகமே அலசிப் பார்த்தது. அதைத் தாராளமாக நம்புங்கள். சொந்தமாக ஒரு பூட்டை எழுதிவிடாதீர்கள்.

இப்போது உங்கள் வன்தட்டுக்கு வருவோம். லக்ஸைக் கையாளும் கருவியான கிரிப்ட்செட்டப்பின் லக்ஸ்டம்ப் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள்; தட்டின் பூட்டு விவரங்களைக் காட்டும். வட்டுகளுக்கு ஏஇஎஸ்ஸைப் பயன்படுத்தும் எக்ஸ்டிஎஸ் முறையில் சாவி இரண்டாகப் பிரியும். ஆகவே அங்கே 512 என்றிருந்தால் அது ஏஇஎஸ் 256. 256 என்றிருந்தால் 128. இரண்டும் போதும்.

நான் கவலைப்படுவது அதற்குக் கீழே பிபிகேடிஎஃப் என்றிருக்கும் வரியைப் பற்றித்தான். கடவுச்சொல்லைச் சாவியாக்கும் முறை அது. நிஸ்ட் 2010இல் பரிந்துரைத்த பிபிகேடிஎஃப்2 நினைவகத்தை அதிகம் கேட்காது. ஒரு கிராஃபிக்ஸ் அட்டை ஆயிரக்கணக்கான கடவுச்சொல் ஊகங்களை ஒரே நேரத்தில் ஓட்டிவிடும். அதே வேலையைச் செய்யும் இன்னொரு முறையான ஆர்கன்2ஐடி ஒவ்வொரு ஊகத்துக்கும் ஒரு ஜிபி வரை நினைவகம் கேட்கும். பாதுகாப்பில் அதுவே மேல். ஆனாலும் அரசாங்க அங்கீகாரப் பட்டியலில் இல்லாததால், அங்கீகரித்த முறைகளை மட்டும் ஏற்கும் சான்றிதழ் முறையில் இயங்கும் மென்பொருள் பிபிகேடிஎஃப்2க்கே திரும்பிவிடும். தரநிலை உங்களைப் பலவீனமான பக்கம் இழுக்கும் இடம் இதுதான்.

பிபிகேடிஎஃப்2 என்றிருந்தால் முதலில் பூட்டிய சாவிகள் இருக்கும் தட்டின் தலைப்பகுதியைப் பிரதி எடுங்கள். பிறகு லக்ஸ்கன்வர்ட்கீ கட்டளையால் ஆர்கன்2ஐடிக்கு மாற்றுங்கள். இது லக்ஸின் புதிய பதிப்பான லக்ஸ்2இல் மட்டுமே நடக்கும். தட்டை ஒரு ஜிபி ராம் உள்ள சிறு கணினியிலும் திறக்கவேண்டுமானால் நினைவக அளவை 262144 என்று, அதாவது 256 எம்பியாக, வையுங்கள்; இல்லாவிட்டால் அங்கே திறக்காது. மாற்றிய பின் புதிய பிரதி எடுத்துப் பழையதை அழித்துவிடுங்கள். பழைய பிரதி பழைய முறையிலும் பழைய கடவுச்சொல்லிலும் இன்னும் திறக்கும்.

கடவுச்சொல் யாருடையவோ கைபேசி எண்ணா? 07க்குப் பின் எட்டு இலக்கம், மொத்தம் பத்துக் கோடி வாய்ப்பு, 27 பிட்கூட இல்லை. பகடை உருட்டி 7776 சொற்பட்டியலில் ஆறு சொல் எடுத்தால் 77 பிட்.

அதைத் தமிழ் எழுத்தில் வைக்காதீர்கள். 'கொ' என்பதை ஒரு விசைப்பலகை ஒற்றைக் குறியாகவும் இன்னொன்று கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் ஒன்றுபோலத் தெரியும், தட்டு திறக்காது. ஆங்கில எழுத்தில் வைத்து, தாளில் எழுதி, தட்டு இல்லாத வேறொரு அலுமாரியில் பூட்டுங்கள். பிறகு இன்னொரு கணினியில் ஒருமுறை திறந்து பாருங்கள்.