டேஷ்போர்டை வெட்டாமலே மஸ்டாங்கில் பாட்டு கேட்கலாம்

கேள்வி: மிச்சிகனில் டிராய் நகரில் இருக்கிறேன். போன வருடம் 1967 ஃபோர்டு மஸ்டாங் ஃபாஸ்ட்பேக் ஒன்று வாங்கினேன், 390 எஞ்சின். அதில் அந்தக் காலத்து ஏ.எம். ரேடியோதான் இருக்கிறது, ஒரே கரகரப்பு. ஃபோனில் இருக்கும் பாட்டைக் கேட்க முடிந்தால் எனக்குப் போதும். ஸ்டீரியோ கடையில், "ரேடியோ இடத்தைக் கொஞ்சம் வெட்டினால் 400 வாட் டச் ஸ்க்ரீன் செட்டே போட்டுவிடலாம், பழையதை நாங்களே அப்புறப்படுத்திவிடுகிறோம்" என்கிறார்கள். வெட்டலாமா?

பதில்: வெட்டாதீர்கள். உங்கள் தேவைக்கு டேஷ்போர்டில் ரம்பம் படவே வேண்டியதில்லை.

உங்கள் ரேடியோவின் முகத்தைப் பாருங்கள். இந்தப் பக்கம் ஒரு குமிழ், அந்தப் பக்கம் ஒரு குமிழ், நடுவில் பட்டன்களும் ஸ்டேஷன் காட்டும் சின்னக் கண்ணாடியும். டேஷ்போர்டில் ஓட்டையும் அந்த அளவுக்குத்தான் இருக்கிறது. இன்றைய சாதாரண கார் ஸ்டீரியோ 18 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் உயரம். அது உள்ளே போக வேண்டுமென்றால் தகட்டை அறுத்தே ஆக வேண்டும். டச் ஸ்க்ரீனுக்குப் பெரும்பாலும் அதைப் போல இரண்டு மடங்கு உயரம். 1980-களில், கேசட் மோகத்தில், அமெரிக்கா முழுக்க இப்படி அறுத்துத் தள்ளினார்கள். இன்று விஷயம் தெரிந்தவர் பழைய மஸ்டாங் வாங்க வந்தால், ரேடியோ ஓரத்தில் டார்ச் அடித்துப் பார்க்காமல் விலை பேசமாட்டார். பிளாஸ்டிக் சட்டத்துக்குப் பின்னால் ரம்பப் பல்லின் தடம் தெரிந்தால் போச்சு. அதை மறுபடி சரிசெய்ய வெல்டிங், பெயின்ட் என்று ஸ்டீரியோ விலையைத் தாண்டிப் போய்விடும்.

"அப்புறப்படுத்திவிடுகிறோம்" என்ற வார்த்தையைக் கவனித்தீர்களா? வேலை செய்யாத அசல் ரேடியோவுக்கும் இந்த ஊரில் சந்தை இருக்கிறது. உங்களிடம் குப்பை என்று வாங்கி, அடுத்த வாரம் இன்னொருவரிடம் "ஃபாக்டரி ஒரிஜினல்" என்று விற்பார்கள். எந்த வேலை செய்தாலும் குமிழ், நட்டு, பின்பக்கத் தாங்கி உட்பட எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

முதலில் ரேடியோ உண்மையிலேயே கெட்டிருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை இடப்பக்கம் திருப்பி, 760-இல் டெட்ராய்ட்டின் டபிள்யூ.ஜே.ஆர். வையுங்கள். 50,000 வாட் ஸ்டேஷன், டிராயில் தெளிவாகக் கேட்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது மட்டும் கரகரத்தால் கோளாறு ரேடியோவில் இல்லை. யாரோ ரேஸ் ஆசையில் உலோகக் கம்பி உள்ள ஸ்பார்க் பிளக் ஒயர் மாட்டியிருப்பார்கள், அல்லது எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் பட்டை கழன்றிருக்கும். கார்பன் இழை ஒயர் மாற்றி, எர்த்தைச் சுரண்டி இறுக்கினாலே பாதி சத்தம் போய்விடும்.

இனி பாட்டு. நானாக இருந்தால் பழைய ரேடியோவைத் தொடவே மாட்டேன். கைக்கடக்கமான ப்ளூடூத் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்து, தனி ஸ்பீக்கர்கள் கொடுப்பேன். டேஷ்போர்டிலேயே குமிழ் திருப்பிக் கேட்க வேண்டும் என்றால், அதே இரண்டு குமிழ் ஓட்டையில் உட்காரும் புது ரேடியோக்கள் கிடைக்கின்றன. வாங்குமுன் பின்பக்க ஆழத்தை அளந்துகொள்ளுங்கள், ஏசி வண்டியில் இடம் குறைவு. பழைய ரேடியோவின் உள்ளுறுப்பை மட்டும் மாற்றித் தருபவர்களும் உண்டு. அழகான வேலை, ஆனால் செலவும் காத்திருப்பும் அதிகம்.

சிகரெட் லைட்டரில் செருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரை யாராவது உங்கள் தலையில் கட்டப் பார்த்தால் வாங்காதீர்கள். அது எஃப்.எம்.மில் ஒலிபரப்புகிறது, உங்களிடம் இருப்பது ஏ.எம். ரேடியோ. இதைக்கூட யோசிக்காமல் "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று அட்டையில் அச்சடிக்கிறார்கள்.

400 வாட் கதைக்கும் வருகிறேன். அந்த செட்டைத் திருப்பி ஃப்யூஸைப் பாருங்கள். 15 ஆம்பியர் என்றிருந்தால் 14 வோல்ட்டால் பெருக்குங்கள்: 210. உள்ளே போவதே அவ்வளவுதான், அதிலும் ஒரு பங்கு சூடாகப் போகிறது. வெளியே 400 எப்படி வரும்? ஒரு ஸ்பீக்கருக்கு நிஜமாகக் கிடைப்பது சுமார் 20 வாட். இதை நேர்மையாக அளக்க 2003-லேயே அமெரிக்க மின்னணுப் பொருள் நிறுவனங்களின் சங்கத்தார் சி.இ.ஏ.-2006 என்று ஒரு தரநிலை எழுதினார்கள். எழுதிவிட்டு, இஷ்டப்பட்டவர்கள் பின்பற்றலாம் என்று விட்டுவிட்டார்கள். யார் இஷ்டப்படுவார்?

ஒயரிங்கில் ஏமாறுவது இதைவிட ஆபத்து. இக்னிஷன் சுவிட்ச்சிலிருந்து, ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயிலுக்கு இளஞ்சிவப்பு ஒயர் ஒன்று போகும். பார்த்தால் சாதாரண ஒயர், உண்மையில் அது காயிலுக்குப் போகும் வோல்ட்டேஜைக் குறைக்கும் ரெசிஸ்டர். சாவி போட்டதும் கரன்ட் வருகிறதே என்று அதில் ஒட்டுப் போடும் கைகளை நிறையப் பார்த்தாகிவிட்டது. அப்புறம் எஞ்சின் தடுமாறுகிறது என்று கார்புரேட்டரைக் கழற்றுவார்கள்! மீட்டர்களுக்குப் போகும் ஒயரும் வேண்டாம், அதில் 5 வோல்ட் கணக்கில் விட்டுவிட்டுத்தான் வரும். புது செட்டின் சிவப்பு ஒயருக்கு, அதாவது சாவி போட்டால் மட்டும் கரன்ட் வர வேண்டியதற்கு, பழைய ரேடியோவின் கரன்ட் ஒயரே போதும். எப்போதும் கரன்ட் இருக்க வேண்டிய மஞ்சள் ஒயர் பேட்டரியிலிருந்து நேரே வரட்டும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் வையுங்கள்.

டேஷ்போர்டுக்கு அடியில் இருப்பது ஒரே ஸ்பீக்கர். செட்டின் இடது, வலது ஒயர்களை ஒன்றாக முறுக்கி அதில் கொடுக்கவே கூடாது, ஆம்ப்ளிஃபயர் போய்விடும். ஒரே இடத்தில் ஸ்டீரியோ வேண்டுமானால், இடதுக்கும் வலதுக்கும் தனித்தனிச் சுருள் உள்ள இரட்டை வாய்ஸ் காயில் ஸ்பீக்கர் கேளுங்கள். ஸ்பீக்கரின் மைனஸ் ஒயர் பாடியில் படக்கூடாது.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்று பாருங்கள். ரேடியோ அன்று விருப்பப்பட்டால் பணம் கட்டி வாங்குவது. ரேஸ் ஓட்ட வாங்கியவர்கள் பலர் அது இல்லாமலே எடுத்தார்கள், ஓட்டையை ஒரு தகடு மூடியிருக்கும். இன்று வண்டியில் ரேடியோ இருப்பதால் ஃபாக்டரியிலேயே வந்தது என்று அர்த்தமில்லை. விற்பவர்கள் விளம்பரத்தில் வாய் கூசாமல் எழுதுவார்கள். 1967 முதலான ஃபோர்டு வண்டிகளுக்கு வண்டி நம்பரைக் கொடுத்து மார்ட்டி ரிப்போர்ட் வாங்கலாம், வண்டி எந்தெந்த ஆப்ஷன்களோடு வந்தது என்று அதில் இருக்கும். ரிப்போர்ட்டில் ரேடியோ இருந்தால் மேலே சொன்னபடி செய்யுங்கள். இல்லாவிட்டால் ஃபெண்டரை, அதாவது முன்சக்கரத்தை மூடும் தகட்டை, பாருங்கள். ஆண்டெனா ஓட்டை ஏற்கெனவே விழுந்திருந்தால் இனி இழக்கப் பெரிதாக ஒன்றுமில்லை, குமிழ் ரேடியோ போட்டுக்கொள்ளலாம். ஓட்டையே இல்லாமல், ஆண்டெனாவை வேறெங்காவது ஒட்டி ஒப்பேற்றியிருந்தால் அந்த ஃபெண்டரில் டிரில் படக்கூடாது. மூடு தகட்டை வாங்கி மாட்டிவிட்டு சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ப்ளூடூத்துக்கு வெளிப்புற ஆண்டெனா தேவையில்லை.