அளந்து பார்த்தாரா எலக்ட்ரீஷியன்?

கேள்வி: பாத்ரூம் கீசரைப் போட்டாலே ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) டிரிப் ஆகிக்கொண்டிருந்தது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். ஆர்சிசிபி பழசாகிவிட்டது, இது இல்லாமலே ஓடும் என்று சொல்லி அதை விட்டுவிட்டு நேரடியாக லைன் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது டிரிப் ஆவதே இல்லை. இப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விடவே கூடாது. முதலில் போய் கீசர் லைனின் எம்சிபியை (அளவுக்கு மீறி கரண்ட் போனால் தானாக விழும் சுவிட்ச்) ஆஃப் செய்துவிட்டு வாருங்கள். வேறு ஆள் வந்து பார்க்கும்வரை அந்தக் கீசர் தண்ணீரில் யாரும் குளிக்க வேண்டாம்.

ஃபேஸில் போன கரண்ட் அவ்வளவும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் ஆர்சிசிபியின் வேலை. வீடுகளுக்குப் பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிதான் போடுவார்கள். அந்த அளவு கரண்ட் வேறு வழியில் கசிந்தாலே 0.3 நொடிக்குள் அது லைனைத் துண்டித்தாக வேண்டும். கீசர் போடும்போது மட்டும் விழுகிறது என்றால், உள்ளே இருக்கும் ஹீட்டிங் எலிமென்ட்டின் உறை அரித்தோ விரிசல் விட்டோ தண்ணீர் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு எர்த்தில் போய்விடும். எர்த் ஒயர் எங்காவது கழன்றிருந்தால் தொட்டியின் உடம்பு, குழாய், தண்ணீர் என்று எல்லாவற்றிலும் கரண்ட் இருக்கும், நீங்கள் ஈரக் காலோடு கீழே நிற்பீர்கள். எம்சிபிதான் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். 16 ஆம்பியர் எம்சிபிக்கு 0.1 ஆம்பியர் எல்லாம் ஒரு பொருட்டே இல்லை, ஆனால் மனிதனின் இதயத்தை நிறுத்த அதுவே போதும்.

வரும் புது ஆளிடம் ஆர்சிசிபியைத் திரும்ப இணைக்கச் சொல்லுங்கள். அப்புறம் கீசரைத் தனியாகக் கழற்றி, எலிமென்ட்டுக்கும் தொட்டிக்கும் நடுவே மெகர் என்ற கருவியை வைத்து இன்சுலேஷனை அளக்கச் சொல்லுங்கள். ரீடிங் மெகா ஓம் கணக்கில் வர வேண்டும். வரவில்லையென்றால் எலிமென்ட்டை மாற்றியே ஆக வேண்டும். ஆர்சிசிபியே கெட்டுப்போவதும் உண்டுதான், ஆனால் அப்போதும் புதுசு மாட்டுவதுதான் வைத்தியம்.

கேள்வி: சமையலறையில் இண்டக்ஷன் அடுப்பு, ஓவன், கெட்டில் மூன்றையும் சேர்த்துப் போட்டால் கொஞ்ச நேரத்தில் 16 ஆம்பியர் எம்சிபி விழுகிறது. 32 போட்டால் சரியாகிவிடும் என்கிறார் எலக்ட்ரீஷியன்.

பதில்: எம்சிபி விழுவது நிற்கும், சுவருக்குள் ஒயர் சூடாவது நிற்காது. எம்சிபி போடுவதே அந்த ஒயரைக் காப்பாற்றத்தான். உங்கள் மூன்று சாமான்களும் சேர்ந்து 5000 வாட் என்று வைத்துக்கொண்டால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 22 ஆம்பியர் வருகிறது. போட்ட உடனே விழாமல் சிறிது நேரம் கழித்து விழுகிறது என்பதிலிருந்தே இது ஓவர்லோடு என்று தெரிகிறது; ஷார்ட் சர்க்யூட் என்றால் கண் சிமிட்டும் நேரத்தில் விழுந்திருக்கும். ஓவனுக்கோ அடுப்புக்கோ டிபியிலிருந்து (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) தனி ஒயர், தனி எம்சிபி இழுக்கச் சொல்லுங்கள். அதுவரை ஒவ்வொன்றாகப் போடுங்கள். சாக்கெட் ஓட்டைகளைச் சுற்றிப் பழுப்பேறியிருந்தாலோ, கருகின வாடை வந்தாலோ அந்த சாக்கெட்டையே பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: டெஸ்டர் எரியவில்லை என்றால் ஒயரைத் தொடலாமா?

பதில்: வேண்டாம். டெஸ்டர் விளக்கு உங்கள் உடம்பு வழியாகப் போகும் துளி கரண்டில்தான் எரிகிறது. ரப்பர் செருப்போடு காய்ந்த பலகைமேல் நின்றால் லைனில் கரண்ட் இருந்தும் கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கிவிடலாம். மெயினை ஆஃப் செய்துவிட்டு மல்டிமீட்டரில் பார்ப்பதுதான் சரி, அந்த மீட்டரும் வேலை செய்கிறதா என்று கரண்ட் இருக்கும் ஒரு சாக்கெட்டில் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: நல்ல எலக்ட்ரீஷியனை எப்படிக் கண்டுபிடிப்பது? எங்களுக்கு இதில் ஒன்றும் தெரியாது.

பதில்: உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள், நல்ல ஆள் அதற்குக் கோபப்பட மாட்டார். அதைவிட, வேலை தொடங்கும் விதத்தைக் கவனியுங்கள். வந்ததும் மெயினை அணைத்து, கரண்ட் இல்லை என்று மீட்டரில் உறுதி செய்துகொண்டு கை வைக்கிறாரா, லைனை உயிரோடு வைத்துக்கொண்டே ஸ்க்ரூவைத் திருகுகிறாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். எதையாவது மாற்றணும் என்று அவர் சொன்னால், 'என்ன அளந்து பார்த்தீங்க, எவ்வளவு வந்தது?' என்று கேளுங்கள். நீங்கள் நிபுணராக இருக்க வேண்டியதில்லை, அளந்தவர் எண்ணைச் சொல்வார், அளக்காதவர் பேச்சை மாற்றுவார். எர்த் விஷயத்தில் இன்னும் கறாராக இருங்கள்: ஒயர் இருக்கிறது என்பது போதாது, எர்த் ரீடிங் எவ்வளவு என்று சொல்ல வேண்டும்.

போகும் முன் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை உங்கள் எதிரில் அழுத்திக் காட்டச் சொல்லுங்கள், உடனே விழ வேண்டும். அந்தப் பட்டன் ஆர்சிசிபியை மட்டும்தான் சோதிக்கும், எர்த்தைப் பற்றி எதுவும் சொல்லாது. டிபியில் எந்த எம்சிபி எந்த அறைக்கு என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள். சுவரை வெட்டி ஒயர் இழுத்திருந்தால், பூசுவதற்கு முன் மொபைலில் நாலு படம் எடுத்து வையுங்கள். பிறகு ஆணி அடிக்கும்போது தேவைப்படும்.