கையில் இல்லாததைக் கொடுத்தார்களா?

அன்புள்ள ஐயா,

1943-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் சீனாவில் தங்களுக்கிருந்த தனி நீதிமன்ற உரிமையை விட்டுக்கொடுத்ததைப் பெரிய திருப்பம் என்று எழுதியிருந்தீர்கள். அப்போது ஷாங்காயே ஜப்பான் கையில்தானே இருந்தது? இல்லாததைக் கொடுப்பதில் என்ன பெருந்தன்மை?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

பெருந்தன்மை இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். 1941 டிசம்பர் 8 அன்றே ஷாங்காயில் வெளிநாட்டவர் நிர்வகித்த சர்வதேசக் குடியிருப்புக்குள் ஜப்பானியப் படை புகுந்துவிட்டது. ஆனால் ஊர் போனாலும் உரிமை காகிதத்தில் உயிரோடுதான் இருந்தது. போர் முடிந்ததும் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளலாம். ஒரு பிரிட்டிஷ்காரர் சீனரைத் தெருவில் போட்டு அடித்தாலும் சீன நீதிபதி அவரை விசாரிக்க முடியாது என்ற நிலை நூறு வருடம் நீடித்தது. அந்தக் காகிதத்தைக் கிழிப்பது சீனர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

ஜப்பானுக்கும் இது தெரியும். 1943 ஜனவரி 9 அன்று, தன் தயவில் நான்ஜிங்கில் ஆண்ட வாங் ஜிங்வெய் அரசுக்கு இதே உரிமைகளை விட்டுத்தருவதாக அறிவித்து முந்திக்கொண்டது. நேச நாடுகள் கையெழுத்திட்டது 11-ஆம் தேதி; அமெரிக்கா வாஷிங்டனில், பிரிட்டன் சீனாவின் போர்க்காலத் தலைநகரான சோங்சிங்கில்.

ஜனவரி 1 அன்றே முடிந்திருக்க வேண்டிய வேலை அது. இழுத்தடித்தது கௌலூன் விவகாரம். ஹாங்காங்கை ஒட்டி, 1898-இல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்த நிலத்தையும் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள் என்றார் சீனத் தலைவர் சியாங் காய்-ஷேக். ஹாங்காங்கும் அப்போது ஜப்பான் பிடியில்தான். உங்கள் கணக்குப்படி அதையும் கொடுத்திருக்கலாமே? சர்ச்சில் அரசு மறுத்துவிட்டது. கடைசியில் சீன வெளியுறவு அமைச்சர் டி.வி. சூங் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, 'இந்தக் கேள்வியைப் பிறகு எழுப்பும் உரிமை எங்களுக்கு உண்டு' என்று தனியாக ஒரு கடிதமும் கொடுத்தார்.

அந்த ஒப்பந்தத்தில் இந்தியாவின் பெயரும் இருக்கிறது. இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர் ரிச்சர்ட்சன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி. காந்தி ஆகா கான் மாளிகையிலும் நேரு அகமதுநகர் கோட்டையிலும் அடைபட்டிருந்த நேரம் அது. சீனாவின் தன்மானத்தை மீட்டுத்தரும் காகிதத்தில் நம் பெயரை நாம் எழுத முடியவில்லை. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மனசு கனத்துவிடும்.

சரி, கொடுத்தது முழுசாகக் கொடுத்ததா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்க ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது மே 20. மறுநாளே இரு அரசுகளும் கடிதம் மாற்றிக்கொண்டன: சீனாவில் இருக்கும் அமெரிக்கப் படைவீரர் குற்றம் செய்தால் அமெரிக்க ராணுவ நீதிமன்றம்தான் விசாரிக்கும். போர்க்கால ஏற்பாடு என்றார்கள். போர் முடிந்தும் அது போகவில்லை. 1946 டிசம்பரில், அன்று பெய்பிங் எனப்பட்ட பெய்ஜிங்கில், ஒரு கல்லூரி மாணவியை அமெரிக்க மரைன் படைவீரர் வன்புணர்ந்தார். மாணவர்கள் ஊர் ஊராகத் தெருவில் இறங்கினார்கள். அப்போதும் அவரை விசாரித்தது அமெரிக்க ராணுவ நீதிமன்றம்தான். குற்றவாளி என்று அது சொன்ன தீர்ப்பையும் 1947-இல் வாஷிங்டன் ரத்து செய்துவிட்டது.

அன்புடன்.