நஞ்சுக்கொடி முன்பக்கம் இருந்தால் என்ன? பிரசவ வார்டு சிஸ்டரின் பதில்கள்

ஐந்தாம் மாச ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் ‘பிளசென்டா: ஆன்டீரியர்’, அதாவது நஞ்சுக்கொடி முன்பக்கம், என்ற வரியிலேயே எல்லோருக்கும் கண் நின்றுவிடுகிறது போலிருக்கிறது. இந்தத் தடவை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அதைப் பற்றித்தான். நான் டாக்டர் இல்லை. ஈரோடு மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் பிரசவ வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். உங்களை நேரில் பார்க்கும் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

பல்லடம்: வணக்கங்க சிஸ்டர். முதல் குழந்தை, 21 வாரம். நஞ்சு முன்பக்கம் என்று போட்டிருக்கிறது. எனக்கு இன்னும் அசைவே தெரியவில்லை. என் நங்கையாவுக்கு 18 வாரத்திலேயே தெரிந்ததாம். குழந்தைக்கு ஏதாவது குறை இருக்குமோ என்று தூக்கமே வருவதில்லை.

ஸ்கேனில் குழந்தையின் இதயத்துடிப்பும் வளர்ச்சியும் சரியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள் அல்லவா? அப்படியானால் நிம்மதியாகத் தூங்குங்கள் கண்ணு.

கரு உருவாகி ஆறு முதல் பத்து நாளுக்குள் கர்ப்பப்பையின் சுவரில் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்கிறது. அந்த இடத்தில்தான் நஞ்சுக்கொடி வளரும். அது முதுகுப் பக்கச் சுவராகவும் இருக்கலாம், வயிற்றுப் பக்கச் சுவராகவும் இருக்கலாம், மேலேயோ பக்கவாட்டிலோ இருக்கலாம். கர்ப்பிணிகளில் மூன்றில் ஒருவரிலிருந்து இருவரில் ஒருவர் வரைக்கும் முன்பக்கம்தான். இது நோயும் இல்லை, குறையும் இல்லை. ஸ்கேன் எடுப்பவர் எழுதியாக வேண்டிய ஒரு தகவல், அவ்வளவுதான்.

உங்கள் வயிற்றுத் தோலுக்கும் குழந்தைக்கும் நடுவில் நஞ்சுக்கொடி இருப்பதால், சின்னச் சின்ன உதைகள் மெத்தைக்கு அடியிலிருந்து தட்டின மாதிரி அமுங்கிப் போகும். முதல் பிரசவக்காரர்களுக்குப் பொதுவாக 18 முதல் 20 வாரத்தில் அசைவு தெரியும். முன்பக்க நஞ்சு என்றால் 22 வாரம் வரைகூட இழுக்கலாம். உங்கள் நங்கையாவுக்கு அது இரண்டாவது குழந்தையா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவது முறை 16 வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள், ஏனென்றால் எது குழந்தை, எது வாயு என்று ஏற்கெனவே தெரியும். நீங்கள் தொப்புளுக்கு நேரே கை வைத்துக் காத்திருக்காதீர்கள். அடிவயிற்றிலும் இரண்டு விலாப் பக்கத்திலும் கவனியுங்கள். முதலில் அங்கேதான் தெரியும்.

24 வாரம் ஆகியும் ஒன்றுமே தெரியவில்லை என்றால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் போய்ப் பார்த்துவிடுங்கள்.

அவிநாசி: ஏனுங்க, முன்னால இருந்தா பொட்டப்புள்ள, பின்னால இருந்தா பையன்னு சொல்றாங்களே, நெசமுங்களா? மருமகளுக்கு முன்னாலதான்னு வந்திருக்குது.

இல்லைங்க. ஆணா பெண்ணா என்பது கரு உருவாகிற நொடியிலேயே, அப்பாவிடமிருந்து வரும் விந்தணுவால் முடிவாகிவிடுகிறது. நஞ்சு எங்கே ஒட்டும் என்பது அதற்கு ஒரு வாரம் கழித்து நடக்கிற வேறு சங்கதி. முன்பக்க நஞ்சோடு வந்த பையன்களை என் கையாலேயே நிறையப் பேரைத் துடைத்துக் கொடுத்திருக்கிறேன்.

இந்தக் கேள்வியை நான் சிரித்துக்கொண்டு விட்டுவிட முடியாது. சேலத்தில் 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைப் பெண் சிசுக்கொலையைத் தடுக்கத்தான் ஆரம்பித்தார்கள் என்று உங்கள் வயதுக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1994-ம் ஆண்டுச் சட்டப்படி, ஸ்கேனில் பாலினம் சொல்வது மட்டுமல்ல, சொல்லச் சொல்லிக் கேட்பதும் குற்றம். முதல் தடவைக்கே கேட்டவருக்கு 3 வருடம் வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. மருமகளை வீட்டார் கட்டாயப்படுத்தினார்கள் என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். நஞ்சு இருக்கும் இடத்தை வைத்து வீட்டில் யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம், மருமகள் நல்லாச் சாப்பிடுகிறாளா என்று மட்டும் பாருங்கள்.

காங்கேயம்: அக்கா, எனக்கு 33 வாரம். நேற்று மதியத்திலிருந்து அசைவு ரொம்பக் குறைவாக இருக்கிறது. ‘உனக்கு முன்பக்க நஞ்சு, அப்படித்தான் இருக்கும்’ என்கிறார் அம்மா. ஜூஸ் குடித்துவிட்டு இன்னும் ஒருநாள் பார்க்கலாமா?

பார்க்க வேண்டாம் அம்மிணி. இதைப் படித்ததும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108. மீதிப் பதிலைப் போகும் வழியில் படித்துக்கொள்ளலாம்.

மற்றவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். முன்பக்க நஞ்சு என்ற சமாதானம் 28 வாரம் வரைக்கும்தான். அதற்குப் பிறகு குழந்தை பெரிதாகிவிடும், நஞ்சையும் மீறி அசைவு தெரிந்தாக வேண்டும். நேற்றுவரை நன்றாகத் தெரிந்த அசைவு இன்றைக்குக் குறைந்தால் நஞ்சைக் காரணம் சொல்ல முடியாது, அது நேற்றும் அதே இடத்தில்தானே இருந்தது? குழந்தைக்கு ஆக்சிஜன் குறையும்போது அது சக்தியை மிச்சம் பிடிக்கத்தான் அசைவைக் குறைக்கும். சில குழந்தைகள் விஷயத்தில் நமக்குக் கிடைக்கும் ஒரே எச்சரிக்கை அதுதான்.

எண்ணுவதற்கு நம் ஆஸ்பத்திரிகளில் சொல்லித்தரும் முறை இது. காலை, மதியம், இரவு சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு மணி நேரம் ஒருக்களித்துப் படுத்து அசைவை எண்ணுங்கள். மூன்றையும் கூட்டி நாலால் பெருக்கினால் 12 மணி நேரக் கணக்கு வரும். அது பத்துக்குக் கீழே போகக் கூடாது. அதோடு, எண்ணும் ஒவ்வொரு மணி நேரத்திலும் குறைந்தது மூன்று அசைவு இருக்க வேண்டும். ஆனால் எண்ணிக்கை பத்தைத் தாண்டிவிட்டது என்பதற்காக மட்டும் சும்மா இருந்துவிடாதீர்கள். ராத்திரி எட்டு மணி ஆனால் ஆட்டம் போடுகிற குழந்தை அன்றைக்குச் சத்தமில்லாமல் இருந்தால், அந்த மாற்றமே போதுமான காரணம். கடைசி மாசத்தில் இடம் இல்லாததால் அசைவு குறையும் என்பதும் தப்பு. அசைவின் விதம் மாறலாம், உதை போய்ப் புரளல் வரலாம், அளவு குறையக் கூடாது.

ஜூஸும் சர்க்கரையும் இதற்கு மருந்து இல்லை. போய்ச் சேர்ந்ததும் வயிற்றில் பெல்ட் கட்டி அரைமணி நேரம் துடிப்பைப் பதிவு செய்வார்கள், தேவைப்பட்டால் ஸ்கேன் பார்ப்பார்கள். பெரும்பாலும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். நாளைக்கு மறுபடி குறைந்தால் மறுபடியும் போங்கள். ‘மறுபடியும் வந்துட்டியா’ என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

திருப்பூர்: மனைவிக்கு 17 வாரம். ஆன்லைனில் ஒரு சின்ன டாப்ளர் மிஷின் வாங்கினேன். சில நாள் துடிப்பு கேட்கிறது, சில நாள் கேட்பதே இல்லை. பயமாக இருக்கிறது.

தம்பி, அதை எடுத்துப் பெட்டியில் வைத்துவிடுங்கள். முன்பக்க நஞ்சு என்றால் பழகின நர்ஸுக்கே துடிப்பைத் தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். நீங்கள் முதலில் பிடிப்பது பெரும்பாலும் நஞ்சில் ஓடும் ரத்தத்தின் ‘உஸ் உஸ்’ சத்தமாகவோ மனைவியின் நாடியாகவோ இருக்கும். கேட்காதபோது வரும் பயமாவது டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். மனைவியின் நாடியைக் குழந்தையின் துடிப்பு என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிட்டால்தான் ஆபத்து.

தாளவாடி: இரண்டாவது குழந்தை, 20 வாரம். முதல் பிரசவம் சிசேரியன். இப்போது ‘ஆன்டீரியர், லோ லையிங், வாயிலிருந்து 14 மில்லிமீட்டர்’ என்று வந்திருக்கிறது. டாக்டர் 32 வாரத்தில் மறுபடி ஸ்கேன் பார்க்கலாம் என்றார். அவ்வளவு தாமதிக்கலாமா?

இந்தத் தொகுப்பில் நான் நிறுத்தி நிதானமாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி உங்களுடையதுதான். முன்னாலா பின்னாலா என்பது பெரிய விஷயம் இல்லை. மேலா கீழா என்பதுதான் விஷயம். கூடவே, பழைய தையல் உண்டா என்பதும்.

கர்ப்பப்பை வாயிலிருந்து 20 மில்லிமீட்டருக்குள் நஞ்சின் விளிம்பு இருந்தால் ‘லோ லையிங்’ என்பார்கள். வாயையே மூடியிருந்தால் ‘பிரீவியா’. ஐந்தாம் மாசத்தில் கீழே இருப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் பிரசவத்துக்குள் மேலே போய்விடுகிறது. நஞ்சு நகர்ந்து போவதில்லை, கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி கடைசி மூன்று மாசத்தில் நீண்டு வளர்வதால் இடைவெளி கூடுகிறது. அதனால்தான் 32 வாரம் என்றார். அதற்கு முன்னால் பார்த்தால் இதே பதில்தான் வரும், உங்களுக்கு வீண் கவலையும் சேரும்.

ஆனால் நீங்கள் சிசேரியன் ஆனவர். அப்படிப்பட்டவர்களுக்கு மேலே போகும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் குறைவு. பழைய தையல் தழும்பும் கர்ப்பப்பையின் முன்சுவரில், கீழ்ப்பகுதியில்தான் இருக்கிறது. நஞ்சு சரியாக அந்தத் தழும்பின் மேல் உட்கார்ந்தால், வேர் பிடிப்பது போல் சதைக்குள் ஊடுருவிவிடலாம். இதற்கு ‘அக்ரீட்டா’ என்று பெயர். குழந்தை பிறந்த பிறகு நஞ்சு பிரியாமல் கடுமையாக ரத்தம் போகும், சிலருக்குக் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டிவரும். 2006-ல் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், நஞ்சு வாயை மூடியிருந்தவர்களில் முன்பு ஒரு சிசேரியன் ஆனவர்களுக்கு நூற்றுக்கு 11 பேருக்கும், இரண்டு ஆனவர்களுக்கு 40 பேருக்கும், மூன்று ஆனவர்களுக்கு 61 பேருக்கும் இது வந்திருந்தது. உங்களுக்கு வாய் மூடவில்லை, விளிம்புதான் கீழே இருக்கிறது. அதனால் அந்தக் கணக்கு அப்படியே உங்களுக்குப் பொருந்தாது. ஆனாலும் ‘பழைய தழும்பின் மேல் நஞ்சு இருக்கிறதா, அக்ரீட்டாவுக்கான அறிகுறி உண்டா’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஸ்கேன் எடுப்பவரிடம் முதல் பிரசவம் சிசேரியன் என்று நீங்களே சொல்லுங்கள். சீட்டில் எழுதாமல் விட்டிருந்தால் அவருக்கு எப்படித் தெரியும்?

அப்புறம், ஊர். தாளவாடியிலிருந்து சத்தியமங்கலம் வரவேண்டும் என்றால் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. வலியில்லாமல் ரத்தம் படுவதுதான் கீழ் நஞ்சின் முதல் அடையாளம், அது ராத்திரி பகல் பார்த்து வருவதில்லை. 32 வாரத்திலும் கீழேயே இருந்தால், அதற்குப் பிறகு மலைமேல் இருக்காதீர்கள். ரத்த வங்கியும் மயக்க டாக்டரும் எந்நேரமும் இருக்கிற மருத்துவமனைக்குப் பக்கத்தில், ஈரோடோ பெருந்துறையோ கோவையோ, உறவுக்காரர் வீடு பார்த்துத் தங்கிவிடுங்கள். சாம்ராஜ்நகர் பக்கம் வசதி என்றால் அதுவும் சரி. ரத்தம் பட்டால் துளியானாலும் உடனே போக வேண்டும். டாக்டர் சரி என்று சொல்லும்வரை தாம்பத்திய உறவும் வேண்டாம்.

கோவை, சிங்காநல்லூர்: முதல் ஸ்கேனில் பின்பக்கம், இப்போது முன்பக்கம். எது சரி?

மூன்றாம் மாசத்தில் கர்ப்பப்பை சின்னது, நஞ்சு பாதிச் சுவரைப் பிடித்திருக்கும். பக்கவாட்டில் இருந்தால் ஒருவர் முன் என்பார், ஒருவர் பின் என்பார். ஐந்தாம் மாச ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

பெருந்துறை: சிப்காட்டில் வேலை. ஸ்கூட்டரில் போகிறேன். வேகத்தடையில் தூக்கிப்போட்டால் நஞ்சு கழன்றுவிடுமா? குப்புறப் படுத்தால் நசுங்குமா?

வேகத்தடையில் ஏறி இறங்குவதால் நஞ்சு கழலாது. விழுந்தால், அல்லது ஹேண்டில்பார் வயிற்றில் இடித்தால் கழலலாம். அது முன்பக்கம் பின்பக்கம் இரண்டுக்கும் பொது. அப்படி ஏதாவது நடந்தால் வலி இல்லாவிட்டாலும், ரத்தம் படாவிட்டாலும் அன்றைக்கே போய்ப் பாருங்கள். உங்கள் ரத்தம் நெகட்டிவ் குரூப் என்றால் அடிபட்ட 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி தேவைப்படும், மறக்காமல் சொல்லுங்கள். ஏழாம் மாசத்துக்குப் பிறகு பஸ்ஸோ காரோ கிடைத்தால் ஸ்கூட்டரை விட்டுவிடுவதுதான் என் யோசனை.

படுப்பதில் நஞ்சு நசுங்காது. 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுக்காமல் பக்கவாட்டில் படுங்கள், இடதோ வலதோ.

பொள்ளாச்சி: சுகப்பிரசவம் ஆகுமா?

ஆகும். நஞ்சு மேலே இருந்தால் அது முன்பக்கம் இருப்பது பிரசவத்துக்குத் தடையே இல்லை. சிசேரியன்தான் என்றாலும், கத்தி வைக்கும் இடத்தில் நஞ்சு இருக்கிறதா என்று டாக்டர் முன்கூட்டியே ஸ்கேனில் பார்த்துக்கொள்வார்.

தாராபுரம்: அடுத்த வாரம் கட்டுச்சோறு வைக்கிறோம். அப்புறம் அம்மா வீட்டுக்கு, கரூருக்குப் போகிறேன். அங்கே ஒரு பாட்டி எண்ணெய் தேய்த்து வயிறு நீவிவிடுவார், நஞ்சு பின்னால் போய்விடும் என்கிறார்கள்.

கட்டுச்சோறு நல்லபடியாக நடக்கட்டும். நீவுவது மட்டும் வேண்டவே வேண்டாம். நஞ்சு ஒட்டின இடத்தை எந்தக் கையாலும் மாற்ற முடியாது. அழுத்தி நீவினால் அது சுவரிலிருந்து பிரிந்து உள்ளேயே ரத்தம் கட்டும் அபாயம் உண்டு. பாட்டி மனம் நோகக் கூடாது என்றால் காலுக்கும் இடுப்புக்கும் லேசாகத் தேய்த்துவிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நம் பக்கத்தில் ஏழாம் மாசம் ஊரும் ஆஸ்பத்திரியும் சேர்ந்து மாறுகிறது, ஃபைல் மாமியார் வீட்டு பீரோவிலேயே தங்கிவிடுகிறது. 32 வார ஸ்கேன் தவறுவது பெரும்பாலும் இப்படித்தான். பட்டுப்புடவை எடுத்து வைப்பதற்கு முன்னால் எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டும், தாய் சேய் நல அட்டையும், பிக்மி எண்ணும் (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த எண்) பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கோபி: கொள்ளு சாப்பிட்டால் சூட்டில் நஞ்சு கீழே இறங்கிவிடும் என்கிறார் என் அப்பத்தா. எனக்கோ கொள்ளுப்பருப்பு இல்லாமல் சோறு இறங்காது.

இறங்காது கண்ணு. கொள்ளில் புரதமும் இரும்புச்சத்தும் இருக்கிறது. வாயு தொந்தரவு இல்லையென்றால் தாராளமாகக் கடைந்து சாப்பிடுங்கள். சாப்பிட்ட கையோடு டீ மட்டும் குடிக்காதீர்கள், இரும்புச்சத்து உடம்பில் சேராது.